மலாக்கா நீரிணையில் மறைந்த கலம்

திருக்கோணமலைத் துறைமுகம் இயற்கை அன்னை இலங்கைக்கு அளித்த பெருஞ் செல்வங்களுள் ஒன்று. கோணேசர் கோயில் கொண்டிருக்கும் குன்றின்மேல் நின்று நோக்குவார்க்கு ஒருபுறம் கரைகாணாக் கடலும், மறுபுறம் குன்றுகள் அரண்செய்த அமைதியான நீர்நிலையும் தோன்றும். அந்த அமைதியான நீரிலிருந்து, இரண்டாம் உலகப் போர்க்காலத்திலே, கருநிறம் பூண்ட சிறு கலங்கள் பல ஒன்றன்பின் ஒன்றாகக் கிழக்கு நோக்கிப் புறப்பட்டன. வழியனுப்ப வாத்தியம் இல்லை. செல்லுமிடம் இன்னதென்று கரையிலுள்ளோர்க்கு உரைப்பாரும் இல்லை. புறப்பட்டவற்றுட் பெரும்பாலானவை மூன்று நான்கு வாரங்களில் மீண்டுவந்தன. சில மீளவில்லை. மீளாதவற்றுள் ஒன்று 'ஸ்ட்ரற்றஜெம்' என்னும் பிரித்தானிய நீர்மூழ்கிக் கப்பல்.

போர்த் தந்திரம் என்பது அப்பெயரின் பொருள். இங்கிலாந்தின் மேர்சி ஆற்றங்கரையிலுள்ள பேர்க்கன்ஹெட் என்னும் ஊரிலே, கமெல் லயட் கப்பற்கட்டுந் தளத்தில் அது உருவாயிற்று. 1943ஆம் ஆண்டு யூன் மாதம் 21ஆந் திகதி நீரில் இறக்கப்பட்டு, அதே ஆண்டு ஒக்டோபர் 9ஆந் திகதி கடற்படைச் சேவையில் சேர்ந்தது. அன்றுதொட்டு அது வாழ்ந்த காலம் பதின்மூன்று மாதமும் சில நாளுமே.

பிரித்தானியர் 'எஸ்' வகுப்பு என்று பெயரிட்டு 62 நீர்மூழ்கிகளைக் கட்டினர். 'ஸ்ட்ரற்றஜெம்' அவ்வகுப்பைச் சேர்ந்தது. நீளம் 217 அடி; அகலம் ஏறத்தாழ 24 அடி. இக்குறுகிய உருக்குக் குழாயினுள்ளே ஏறத்தாழ ஐம்பதுபேர் உண்டு, உறங்கி, உழைத்தனர். நீரின் மேலே செல்லும்போது டீசல் எந்திரங்கள் அதனை மணிக்கு ஏறக்குறைய 15 கடல் மைல் வேகத்திற் செலுத்தின. நீருள் மூழ்கியதும் அவ்வெந்திரங்கள் நிறுத்தப்படும். அவை உண்ணும் காற்று அங்கே கிடையாது. அதன்பின் மின்கல அடுக்குகளே துணை. பகல் முழுவதும் நீருக்கடியில் மெல்ல ஊர்ந்து, இரவு வந்ததும் இருளின் மறைவில் மேலெழுந்து, காற்றை உள்வாங்கி, மின்கலங்களுக்கு மீண்டும் மின்னேற்றுவதே நாளாந்த வாழ்க்கை. கப்பலில் உள்ளோர்க்குச் சூரியன் உதிப்பது உறங்கும் நேரத்தின் அறிகுறி; அத்தமனமே விடியல்.

இத்தகைய கலங்கள் இலங்கைக்கு வந்த காரணத்தை அறிய இரண்டாண்டு பின்னோக்கிச் செல்லவேண்டும். 1942ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மலாயாவும் சிங்கப்பூரும் யப்பானியர் வசமாயின. பர்மாவும் அந்தமான் தீவுகளும் அவ்வழியே சென்றன. அவ்வாண்டு ஏப்பிரல் 5ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பின்மீது யப்பானிய விமானங்கள் குண்டு வீசின. நான்கு நாள் கழித்து, 9ஆந் திகதி, திருக்கோணமலையும் தாக்கப்பட்டது; விமானந் தாங்கிக் கப்பலான 'ஹேர்மிஸ்' மட்டக்களப்புக் கரைக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. பிரித்தானியரின் கிழக்குக் கடற்படையின் பெரும்பகுதி ஆபிரிக்கக் கரைக்குப் பின்வாங்கியது. 1944ஆம் ஆண்டு தொடக்கத்திலேதான் அது பலம்பெற்றுத் திருக்கோணமலைக்கு மீண்டது.

பெருங்கப்பல்கள் எளிதிற் செல்லமுடியாத இடங்களுக்குச் செல்லும் பணி நீர்மூழ்கிகளைச் சார்ந்தது. பர்மாவிற் போரிட்ட யப்பானியப் படைக்கு வேண்டிய உணவும் ஆயுதமும் பெருமளவு கடல்வழியாகவே சென்றன. சிங்கப்பூரிலிருந்து புறப்படும் சரக்குக் கப்பல்கள் மலாக்கா நீரிணையூடாகப் பினாங்கையும், அப்பால் இரங்கூனையும் அந்தமானையும் நாடின. அவ்வழியை அறுத்தால் பர்மாப் போர்முனை தளரும். ஆகவே, திருக்கோணமலை நீர்மூழ்கிகளின் வேட்டைக்களம் மலாக்கா நீரிணையாயிற்று. 1944 சனவரியில் 'டலி-ஹோ' என்னும் நீர்மூழ்கி, பினாங்குக்கு அண்மையில் 'குமா' என்ற யப்பானியக் கடும்போர்க் கப்பலை மூழ்கடித்தது. பினாங்கிலே யப்பானியரும் யேர்மனியரும் தத்தம் நீர்மூழ்கிகளுக்குத் தளம் அமைத்திருந்தனர். வங்கக் கடலின் ஒரு கரையிலும் மறு கரையிலும் நீர்மூழ்கித் தளங்கள் எதிரெதிர் நின்ற காலம் அது.

மலாக்கா நீரிணை வேட்டையாடுவோனுக்குக் கொழுத்த களம். ஆனால், வேட்டையாடுவோனே வேட்டைப்பொருளாகிவிடக்கூடிய களமுங்கூட. வடமேற்கே அகன்று ஆழ்ந்திருக்கும் அந்நீரிணை தென்கிழக்கே செல்லச் செல்ல ஒடுங்கி ஆழங் குறையும். தென்பகுதியிற் பல இடங்களில் ஆழம் 100 அடி அளவே. 'எஸ்' வகுப்புக் கலங்கள் 300 அடிக்கும் மேற்பட்ட ஆழத்தைத் தாங்கவல்லவை. ஆழத்திற் புகுந்து மறைவதே அவற்றின் காப்பு. ஆழமில்லாக் கடலில் அக்காப்பு இல்லை. முயலுக்கு வளை இல்லாத வெளியிலே வேட்டைநாய் வந்தாற்போன்ற நிலை அது. அன்றியும், நிலநடுக்கோட்டின் அருகே வெப்பம் கடுமையானது. மூடிய கலத்தினுள்ளே வியர்வையும், எண்ணெய் நெடியும், மாலை நெருங்குந்தோறும் கனத்துவரும் காற்றும் மனிதரின் பொறுமையை அளந்து பார்த்தன.

அபாயம் எத்தகையது என்பதற்கு முன்னுதாரணம் இல்லாமலில்லை. 'ஸ்ட்ரற்றஜெம்' கலத்தின் உடன்பிறப்பெனத்தக்க 'ஸ்டோன்ஹெஞ்' 1944 பெப்ரவரி இறுதியில் திருக்கோணமலையிலிருந்து புறப்பட்டது. சுமத்திராவின் வடபுறத்துக்கும் நிக்கோபார்த் தீவுகளுக்கும் இடைப்பட்ட கடலே அதற்குக் குறித்த இடம். மார்ச் மாதம் மீளவேண்டிய அக்கலம் மீளவில்லை. கடற்கண்ணியோ, விபத்தோ, பகைவர் தாக்குதலோ என்பது இன்றுவரை துலங்கவில்லை. கலத்திலிருந்த ஒருவரேனும் உயிர்பிழைக்கவில்லை.

இதனை அறிந்தே, அதே ஆண்டு நவம்பர் மாதம் 10ஆந் திகதி, லெப்டினன்ற் கிளிபர்ட் றேமண்ட் பெல்லி என்பவரின் தலைமையில் 'ஸ்ட்ரற்றஜெம்' திருக்கோணமலையை விட்டகன்றது. ஆயிரம் கடல் மைலுக்கு மேற்பட்ட வழியைக் கடந்து, மலாக்கா நகருக்கு அப்பாலுள்ள ஒடுங்கிய நீர்ப்பரப்பை அடைந்தது. நவம்பர் 19ஆந் திகதி 'நிச்சினன் மாறு' என்னும் யப்பானிய வணிகக் கப்பல் எதிர்ப்பட்டது. ஏறத்தாழ 1,900 தொன் அளவினதான அக்கப்பலை 'ஸ்ட்ரற்றஜெம்' டோர்ப்பீடோக்களால் தாக்கி மூழ்கடித்தது.

போரின் கணக்கிலே அது ஒரு வெற்றி. ஆயினும், அந்தக் கப்பலிலும் மனிதர் இருந்தனர்; அவர்தம் வரவை நோக்கியும் யப்பானியக் கரையிலே இல்லங்கள் காத்திருந்தன. கடற்போரில் வெற்றியும் துயரும் ஒரே அலையின் இருபுறங்கள்.

டோர்ப்பீடோ வெடித்த கணமே நீர்மூழ்கியின் இரகசியமும் வெளிப்பட்டு விடுகின்றது. இவ்வட்டாரத்தில் எதிரி உளன் என்று காவற்படை விழித்துக்கொள்ளும். ஆழ்ந்த கடலாயின் இரண்டொரு நாளிற் சுவடழித்து அகலலாம். ஒடுங்கிய நீரிணையில் அது அரிது. மூன்று நாள் கழிந்து, நவம்பர் 22ஆந் திகதி, மலாக்காவுக்குத் தென்மேற்கே நீருள் மூழ்கியிருந்த 'ஸ்ட்ரற்றஜெம்' கலத்தை யப்பானியரின் 35ஆம் இலக்க நீர்மூழ்கி வேட்டைக் கப்பல் கண்டுபிடித்தது. அது வீசிய ஆழ்நீர்க் குண்டுகள் கலத்தின் அருகிலேயே வெடித்தன. கலம் கடலின் அடித்தரையில் மோதியது. விளக்குகள் அவிந்தன. கடல்நீர் வெள்ளமாய் உட்புகுந்தது.

நீர்மூழ்கியின் உட்புறம் தடித்த சுவர்களாற் பல அறைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஓர் அறையில் நீர் புகுந்தால் அடுத்த அறையின் கதவை அடைத்துவிட வேண்டும் என்பது விதி. கதவுக்கு அப்பால் நிற்பவன் ஆருயிர்த் தோழனாயினும் இவ்விதி மாறாது. இதனை ஒவ்வொரு மாலுமியும் அறிவான். அறிந்தும் அக்கலத்தில் ஏறுவான்.

முன்புறத்திலுள்ள டோர்ப்பீடோ அறையில் அன்று பதினான்குபேர் இருந்தனர். அவர்களுள் டோர்ப்பீடோ அதிகாரியும் ஒருவர். ஏனைய பகுதிகளில் இருந்தோர்க்கு விமோசனம் கிட்டவில்லை. இப்பதினால்வர்க்கு முன் ஒரேயொரு வழி இருந்தது. தலைக்குமேலுள்ள தப்பும் வாயிலே அது.

வாயில் உண்டெனினும், நினைத்த மாத்திரத்தில் அதனைத் திறக்க இயலாது. இரண்டடி விட்டமுள்ள ஒரு மூடியின்மேல், 100 அடி ஆழத்திலே கடல்நீர் ஏறத்தாழ ஒன்பது தொன் நிறையோடு அழுத்தும். எத்தனைபேர் முட்டுக்கொடுத்தாலும் அது அசையாது. உள்ளே நீரை நிரப்பி, உள்ளிருக்கும் காற்றும் வெளியிலுள்ள நீரும் ஒரே அழுத்தம் பெறும்வரை காத்திருக்க வேண்டும். இருளிலே, மார்பளவும் கழுத்தளவும் ஏறிவரும் நீரிலே, செவிப்பறை வெடித்துவிடுமோ என்னும் வேதனையோடு காத்திருப்பதே தப்பும் வழி! உயிரைக் குடிக்க வந்த நீரையே உயிர்காக்கும் கருவியாக்க வேண்டும். அமைதியிழந்தவன் அங்கே அழிந்தான்.

இதற்கெனப் பிரித்தானிய மாலுமிகளுக்கு டேவிஸ் என்பார் அமைத்த தப்பும் கருவி வழங்கப்பட்டிருந்தது. மார்பில் ஒரு பை, அதனோடு ஒட்சிசன் அடைத்த சிறு குடுவை, வாயிற் பொருத்தும் குழாய், மூக்கை அடைக்கும் கவ்வி என்பன அதன் உறுப்புகள். இதனைப் பயன்படுத்தும் முறையை இங்கிலாந்தில் நீர்த்தொட்டியிலே பழக்கினர். ஆயினும், தெளிந்த தொட்டி நீர் வேறு. உடைந்த கலத்தின் இருள் வேறு. 1939 யூன் மாதத்தில், இதே கமெல் லயட் தளத்திற் கட்டப்பட்ட 'தெற்றிஸ்' என்னும் நீர்மூழ்கி வெள்ளோட்டத்தின்போது இலிவர்ப்பூல் விரிகுடாவில் மூழ்கிற்று. சமாதான காலம், கரை அண்மையில், உதவிக் கப்பல்களும் வந்தன. அவ்வாறிருந்தும் தப்பியவர் நால்வர். மாண்டவர் 99 பேர். அதனோடு ஒப்பிட்டாலன்றி 'ஸ்ட்ரற்றஜெம்' மாலுமிகள் செய்ததன் அருமை விளங்காது.

பதினால்வருள் பத்துப்பேர் கலத்தைவிட்டு உயிரோடு வெளியேறினர். நீரின் மேற்பரப்பிலே உயிருடன் கண்டெடுக்கப்பட்டவர் எண்மர். அவர்களை நீரிலிருந்து தூக்கியது, அவர்தம் கலத்தை அழித்த அதே வேட்டைக் கப்பல். கடலின் பிடியிலிருந்து மீண்டவர் பகைவர் கையிற் கைதிகளாயினர். சிங்கப்பூருக்குக் கொண்டுசெல்லப்பட்ட அவர்களின் துயரம் அத்துடன் முடியவில்லை. சிறைவாழ்வைக் கடந்து, போர் முடிந்தபின் தாயகம் மீண்டவர் மூவரே. மற்றை ஐவரும் மீளவில்லை.

திருக்கோணமலையிலோ, கலம் குறித்த நாளில் வந்து சேரவில்லை என்பது மாத்திரமே தெரிந்தது. நீர்மூழ்கிகள் தாம் இருக்குமிடத்தை எதிரி அறியாவண்ணம் வானொலிச் செய்தி அனுப்பாது மௌனம் காப்பது வழக்கம். ஆதலால், மௌனத்தைக் கொண்டு நலமென்றும் துணியமுடியாது, நாசமென்றும் துணியமுடியாது. நாட்கள் கழிந்தபின்னரே நம்பிக்கை கைவிடப்படும். உண்மையில் நடந்தது யாது என்பதை, 1945இல் யப்பான் சரணடைந்து கைதிகள் விடுதலை பெற்றபின், உயிர்பிழைத்த மூவரே உலகுக்குக் கூறினர். 'ஸ்டோன்ஹெஞ்' கலத்தின் முடிவைக் கூற ஒருவரும் இல்லை. 'ஸ்ட்ரற்றஜெம்' கலத்தின் முடிவைக் கூற மூவர் இருந்தனர். இரு கலங்களுக்கும் இடையேயுள்ள வேறுபாடு அவ்வளவே. ஆயினும், மகன் எவ்வாறு மறைந்தான் என்று அறியாது கலங்கும் தாய்க்கு அது சிறு வேறுபாடன்று.

1945 சனவரியில் 'போர்ப்பொயிஸ்' என்னும் பிரித்தானிய நீர்மூழ்கி, பினாங்குக்கு அண்மையிலே கடற்கண்ணிகளை இட்டபின் மறைந்தது. அப்போரிற் பகைவரால் அழிக்கப்பட்ட இறுதிப் பிரித்தானிய நீர்மூழ்கி அதுவே. போர் முழுவதிலும் பிரித்தானியர் இழந்த நீர்மூழ்கிகள் எழுபதுக்கும் மேற்பட்டவை. அப்பெருந்தொகையிலே ஒரு வணிகக் கப்பலை மூழ்கடித்துத் தானும் மூழ்கிய 'ஸ்ட்ரற்றஜெம்' மிகச் சிறிய இடத்தையே பெறும். பர்மாப் போரின் முடிவை அது தனித்து மாற்றவில்லை. ஆனால், பெரும் போர்கள் இத்தகைய சிறு பணிகளின் தொகுதியே அன்றி வேறல்ல. ஒரு கப்பல் குறைந்தால் ஒரு பட்டாளத்துக்கு அரிசி குறையும், குண்டு குறையும். அக்குறைவுகள் கூடிக்கூடியே பெருந் தோல்வியாகின்றன.

1957 ஒக்டோபர் 15ஆந் திகதி திருக்கோணமலைத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. நிலாவெளிக்குச் செல்லும் வீதியிலே, உப்புவெளியில், போரில் மாண்டோர்க்கென அமைந்த மயானம் ஒன்று இருக்கின்றது. புற்றரையிலே ஒழுங்காக நிற்கும் கற்களிற் கடற்படையினர் பெயர்கள் பல காணப்படும். 'ஸ்ட்ரற்றஜெம்' கலத்தோடு மாண்டவர்க்கு அங்கே கல்லறை இல்லை. கடலிற் புதைந்தோர்க்கென இங்கிலாந்தின் துறைமுக நகரங்களில் எழுப்பப்பட்ட நினைவுச் சின்னங்களிலேயே அவர்தம் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன.

மலாக்கா நீரிணையூடாக இன்று உலக வாணிகத்தின் கணிசமான ஒரு பகுதி செல்கின்றது. பகைவராய் நின்ற நாடுகளின் கப்பல்கள் ஒன்றையொன்று கடந்து அமைதியாகப் போகின்றன. நிச்சினன் மாறுவின் மாலுமிகள் இறுதியாகக் கண்ட நீரும், ஸ்ட்ரற்றஜெம் மாலுமிகள் இறுதியாகச் சுவாசித்த இடமும் ஒரே நீரிணையிலேயே உள்ளன. அலைகள் அவ்விரு சாராரையும் வேறு பிரித்து அறிவதில்லை.