தனுஷ்கோடி ரயில் நிலையம்

பாம்பன் தீவின் தென்கிழக்கு முனையில் 1914 முதல் 1964 வரை இயங்கிய மீட்டர் கேஜ் முனையம். தென்னிந்திய ரயில்வே இதை அமைத்தது அங்கிருந்த மீனவர்களுக்காக அல்ல, கொழும்புக்காக. அதற்கு முன் சென்னையிலிருந்து இலங்கை செல்வோர் தூத்துக்குடிக்கு ரயிலில் போய், அங்கே கப்பலேறினர். 1914 பிப்ரவரி 24 அன்று பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும் கடல்வழி சுமார் 35 கிலோமீட்டராகச் சுருங்கியது.

சென்னை எழும்பூரிலேயே கொழும்புக்கு டிக்கெட் கிடைத்தது. போட் மெயில் என்ற ரயில் தனுஷ்கோடிக் கப்பல்துறை வரை வரும். மூட்டை முடிச்சுகளோடு கப்பலேறி இலங்கையின் தலைமன்னாரில் இறங்கினால் அந்தப் பக்கத்து ரயில் நிற்கும். முதலில் கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச் என்ற கப்பல்கள் ஓடின. பின்னாளில் இர்வினும் கோஷனும் வந்தன. தேயிலைத் தோட்டங்களுக்குப் போன கூலித் தொழிலாளர்களுக்கும் இதுவே வழி. ஆனால் அவர்களை மண்டபம் முகாமில் இறக்கி, நோய்ச் சோதனை முடிந்த பிறகே கப்பலுக்கு அனுப்பினார்கள். சேதுவில் நீராட வந்த யாத்ரீகர்களும் இங்கேதான் இறங்கினர். ராமேஸ்வரத்துக்கோ பாம்பனிலிருந்து பிரிந்த கிளைப்பாதைதான். பிரதான பாதை தனுஷ்கோடிக்கே சென்றது.

1964 டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டிப் பாம்பனிலிருந்து கிளம்பிய 653 பாசஞ்சர் நிலையத்தை நெருங்கியபோது சிக்னல் விழவில்லை. டிரைவர் நீளமாக விசில் ஊதிவிட்டு வண்டியை நகர்த்தினார் என்கிறார்கள். புயலோடு எழுந்த பேரலை ஆறு பெட்டிகளையும் புரட்டிப் போட்டது. வண்டியில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நிலையம், கப்பல்துறை, ஊர் மூன்றும் சிதைந்தன.

நிலையத்தை மூடியது புயல் என்பது பாதி உண்மை. அதே புயலில் கர்டர்களை இழந்த பாம்பன் பாலத்தை இ. ஸ்ரீதரன் தலைமையிலான பொறியாளர்கள் 46 நாளில் சீர்செய்தார்கள். தனுஷ்கோடிப் பாதையை மட்டும் யாரும் திரும்பப் போடவில்லை. வாழத் தகாத இடம் என்று அரசு அறிவித்த ஊருக்கு ரயில் எதற்கு என்ற கணக்கு அது. கப்பலும் ராமேஸ்வரத்துக்கு மாறி, இலங்கைப் போர்ச் சூழலில் 1984-ல் நின்றது. கப்பலே இல்லாத எழும்பூர் வண்டிக்குப் போட் மெயில் என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

நிலையத்தில் இன்று எஞ்சியிருப்பவை கூரையற்ற சில சுவர்கள். உப்புக்காற்று காரையை அரித்த இடங்களில் உள்ளிருக்கும் கல் வெளியே தெரிகிறது. 2017-ல் தீவின் முனையான அரிச்சல்முனை வரை சாலை வந்ததும் சுற்றுலாக் கூட்டம் பெருகியது. 2019 மார்ச்சில் ராமேஸ்வரத்திலிருந்து இங்கே புதிய ரயில் பாதைக்கு அடிக்கல் நாட்டினார்கள், தண்டவாளம் வரவில்லை.