200 மார்க் தாளில் இருந்த தாடிக்காரர்

அப்பாவின் பழைய பெட்டிக்குள் ஒரு 200 மார்க் தாள் கிடக்கிறது. யூரோ வந்தபோது மாற்றாமல் வைத்துக்கொண்டது. அதில் இருக்கும் தாடிக்காரர் போல் ஏர்லிக். சித்திக்குக் கீமோ தொடங்கிய பிறகுதான் அவரைப் பற்றித் தேடி வாசித்தேன்.

'கீமோதெரபி' என்று பெயர் வைத்ததே அவர்தான். பிராங்பேர்ட்டில் அவருடைய ஆய்வுகூடத்தில் ஆர்சனிக் சேர்மங்களை ஒவ்வொன்றாகச் சோதித்து, 1910இல் சிபிலிஸ் நோய்க்குச் சால்வர்சான் மருந்தைக் கொண்டுவந்தார்கள். ஆனால் 1908இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது நோயெதிர்ப்பு ஆய்வுக்காக. அடுத்த வருடம் இன்னொன்றும் எழுதினார்: உடம்பில் புற்றுக்கலங்கள் அடிக்கடி உருவாகலாம், நோயெதிர்ப்புச் சக்திதான் அவற்றை அடக்கி வைத்திருக்கிறது. அதை நிரூபிக்க அன்று வழியில்லை.

இரண்டு யோசனையும் ஒரே மண்டைக்குள் இருந்தவை. பின்னால் வந்தவர்கள் பிரித்துவிட்டார்கள். கீமோ எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் என்பதுதான் எங்களுக்குத் தெரியும். அது பொய்யுமில்லை, சித்தியின் வெள்ளை அணுக்கள் குறைந்தபோது மாஸ்க் இல்லாமல் எங்களை உள்ளே விடவில்லை.

2005இல் பிரான்சில் டொக்சோரூபிசின் கொடுத்துச் சாகவைத்த புற்றுக்கலங்களை எலிகளுக்கு ஊசியாகப் போட்டார்கள். பிறகு உயிருள்ள புற்றுக்கலங்களைப் போட்டும், பெரும்பாலான எலிகளில் கட்டி வளரவில்லை. சாகிற கலம் கல்ரெட்டிகுலின் என்ற புரதத்தை வெளியே நீட்டுகிறது. காவல் கலங்கள் அதைப் பார்த்து விழுங்கி, எதிரியின் அடையாளத்தை டி கலங்களுக்குக் காட்டிக்கொடுக்கின்றன. எல்லாக் கீமோ மருந்தும் இப்படிச் செய்வதில்லை.

சித்திக்குச் சொன்னேன். எலிக்கு நடந்ததெல்லாம் ஆளுக்கும் நடக்கும் என்றில்லை என்பதையும் சேர்த்தே சொன்னேன்.

"அப்ப என்ர ஆக்களும் சேர்ந்து சண்டை பிடிக்கினமோ?" என்று கேட்டா.

அவவுக்கு ஏறுவதும் அந்தச் சிவப்பு மருந்துதான்.