வம்சாவளி

வடமொழியில் 'வம்சம்' என்றால் முதலில் மூங்கில். கணுவுக்கு மேல் கணுவாக வளர்வதால் குலத்துக்கும் அதுவே பெயராயிற்று. 'ஆவளி' என்பது வரிசை. தீபாவளியில் இருப்பதும் இதுதான்.

இலங்கையில் இச்சொல்லுக்குச் சட்டப் பொருளும் உண்டு. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் பிரஜைகளை வம்சாவளியால் வந்தவர், பதிவால் வந்தவர் என்று பிரித்தது. அதில் வம்சாவளி என்றால், மணவழிப் பிறந்தவருக்குத் தந்தைவழி மட்டுமே. தகப்பன் இலங்கையில் பிறந்தவர், இல்லையேல் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்தவர்கள் என்று காட்ட வேண்டும். தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்த பாட்டனுக்குப் பிறப்புச் சான்றை எங்கே போய்த் தேடுவது? மலையகத் தமிழர் லட்சக்கணக்கில் நாடற்றவர் ஆனார்கள். தாய்வழியும் செல்லும் என்று சட்டம் திருந்தியது 2003இல்தான். பெற்றவளை வம்சத்தில் சேர்க்க 55 ஆண்டுகள் எடுத்துக்கொண்டது பெரும் அநீதி.

தமிழ்நாட்டு அகதி முகாம்களில் பிறந்த ஈழப் பிள்ளைகளுக்கு வம்சாவளி என்பது ஒரு கட்டுக் காகிதம்: தங்கள் இந்தியப் பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் இலங்கைப் பிறப்புச் சான்றிதழ்கள், அவர்களின் திருமணப் பதிவு. இவற்றைக் கொண்டு சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிய வேண்டும். பிறந்த ஓராண்டுக்குள் பதிவது விதி. பிந்தினால் தக்க காரணம் காட்ட வேண்டும். இலங்கை உள்நாட்டுப் போரில் வீட்டோடு எரிந்த பத்திரங்களுக்கு ஊர்ப் பதிவகத்திலிருந்து நகல் எடுக்க வேண்டும். 'கந்தையா' ஒரு தாளில் 'கந்தய்யா' ஆகியிருந்தால், இருவரும் ஒருவரே என்று சத்தியக் கடதாசியும் முடிக்க வேண்டிவரும்.