வராத அணியின் வரலாறு

பரணி நூல்களுக்கு ஒரு மரபு உண்டு. பாடப்படுவது வென்றவன் புகழாயினும், நூலின் பெயர் தோற்றவனைக் கொண்டே அமையும். கலிங்கத்துப்பரணியின் பாட்டுடைத் தலைவன் குலோத்துங்கன், பெயரோ கலிங்கத்துடையது. ஆப்பிரிக்க நாடுகள் கிண்ணம் எனப்படும் கால்பந்துப் போட்டியின் தொடக்கத்தை எழுதப் புகும்போது இம்மரபு நம் நினைவுக்கு வருகிறது. 1957-ஆம் ஆண்டு முதன்முதலாக நடந்த அப்போட்டியை வென்றது எகிப்து. ஆயினும் அதன் வரலாற்றை, ஆட வராத ஓர் அணியின் பெயரைச் சொல்லித்தான் தொடங்க வேண்டியிருக்கிறது. அது தென்னாப்பிரிக்கா.

1956-இல் லிஸ்பனில் ஃபிஃபாவின் பேரவை கூடியபோது எகிப்து, சூடான், எத்தியோப்பியா, தென்னாப்பிரிக்கா ஆகிய நான்கு நாடுகளின் பிரதிநிதிகள் தமக்கென ஒரு கண்ட அளவிலான கூட்டமைப்பு வேண்டும் எனப் பேசத் தொடங்கினர். கண்டத்தின் பெரும்பகுதி அப்போது ஐரோப்பியர் ஆளுகையில் இருந்தது. சூடான் விடுதலை பெற்று ஆறு மாதமே ஆகியிருந்தது. அவ்வாண்டு இறுதியில் எகிப்து சூயஸ் கால்வாய்க்காக மூன்று நாடுகளின் படையெடுப்பைச் சந்தித்தது. அத்தகைய சூழலில், 1957 பிப்ரவரியில் சூடானின் தலைநகரான கார்ட்டூமில் கூட்டமைப்பு முறையாக அமைந்தது. எகிப்தின் அப்துல் அஜீஸ் அப்துல்லா சாலெம் அதன் முதல் தலைவரானார். அதே நகரில், அதே மாதத்தில் முதல் போட்டியும் நடந்தது. கிண்ணத்துக்கு அவர் பெயரே இடப்பட்டது.

நான்கு அணிகள், இரண்டு அரையிறுதிகள், ஓர் இறுதி ஆட்டம் என்பது திட்டம். எத்தியோப்பியாவை எதிர்த்துத் தென்னாப்பிரிக்கா ஆடியிருக்க வேண்டும். நிறவெறிச் சட்டங்களின் கீழ் இயங்கிய அந்நாட்டுச் சங்கமோ, முழுக்க வெள்ளையர் அணி அல்லது முழுக்கக் கறுப்பர் அணி, இரண்டில் ஒன்றையே அனுப்ப இயலும் என்றது. இருவரும் கலந்த அணியே வேண்டும் என்றனர் ஏனையோர். தென்னாப்பிரிக்கா தானே விலகிக்கொண்டது என்று ஒரு சாரார் எழுதுவர். விலக்கப்பட்டது என்று மறுசாரார். நம் பார்வையில் இவ்வேறுபாடு பெரிதன்று. ஒரு நிபந்தனை முன்வைக்கப்பட்டது. அதை ஏற்க ஓர் அரசின் சட்டம் இடம் தரவில்லை. மூன்று அணிகளோடு ஒரு போட்டி என்பது பார்ப்பவர்க்கு நகைப்பாகத் தோன்றலாம் என்பதை அறிந்தும், அம்மூவரும் நான்காவது அணியை அதன் விருப்பப்படி ஏற்க முன்வரவில்லை.

ஆடிய ஆட்டங்கள் இரண்டே. எகிப்து சூடானை 2–1 என வென்றது. எதிராளி இல்லாமலே இறுதிக்கு வந்த எத்தியோப்பியாவை 4–0 என வென்றது. அந்த நான்கு கோல்களையும் அடித்தவர் அத்-திபா என்று அறியப்பட்ட ஒரே ஆட்டக்காரர். போட்டி முழுவதிலும் விழுந்த ஏழு கோல்களில் ஐந்து அவருடையவை. பின்னாளில் நடுவராகி, 1968-இல் அடிஸ் அபாபாவில் நடந்த இதே போட்டியின் இறுதி ஆட்டத்தை நடத்தியவரும் அவரே. இறுதி ஆட்டம் முடிந்து மூன்று வாரத்துக்குள் கானா விடுதலை பெற்றது. பிறகு ஒவ்வோர் ஆண்டும் புதிய கொடிகள் ஏறின; கூட்டமைப்பும் வளர்ந்தது.

தென்னாப்பிரிக்காவிற்குள்ளேயே நிறத்தைக் கடந்து ஆடியவர்கள் இருந்தனர் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1951-இல் ஆப்பிரிக்கர், இந்தியர், கலப்பினத்தார் ஆகியோரின் சங்கங்கள் இணைந்து ஒரே சம்மேளனமாயின. வெள்ளையர் சங்கத்தைவிட மிகுதியான ஆட்டக்காரர்கள் அதில் இருந்தும், ஃபிஃபாவின் ஏற்பு வெள்ளையர் சங்கத்துக்கே கிட்டியது. அந்த இந்தியருள் நம்மவர் வழித்தோன்றல்களும் உண்டு. 1860-இல் சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட முதல் கப்பலில் தொடங்கி, நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாய்ப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். புலம்பெயர்ந்தோர் வரலாறு எழுதும் நம்மவர்கள் காவடியையும் கோயிலையும் சொல்வார்கள். பந்தாடிய திடலைச் சொல்வதில்லை.

உலக அமைப்பு நடந்துகொண்ட விதம் வேறு. 1961-இல் அது தென்னாப்பிரிக்காவை இடைநீக்கம் செய்தது. 1963-இல் அதன் தலைவர் ஸ்டான்லி ரௌஸ் என்னும் ஆங்கிலேயர் நேரில் சென்று பார்த்துத் திரும்பினார், தடை நீக்கப்பட்டது. அரசியலை ஆட்டத்தில் கலக்கலாகாது என்பது அவர் வாதம். தோலின் நிறம் பார்த்து அணி பிரிப்பது அவருக்கு அரசியலாகத் தோன்றவில்லை போலும். 1966 உலகக் கிண்ணத்துக்கு வெள்ளையர் அணி, 1970-க்குக் கறுப்பர் அணி என்று தென்னாப்பிரிக்கச் சங்கம் ஒரு யோசனை சொன்னது. நீதியை முறைவைத்துப் பங்கிடும் இந்த ஏற்பாட்டைப் படிக்கையில் நமக்குச் சிரிப்பதா சினப்பதா என்று தெரியவில்லை. ஆப்பிரிக்கக் கூட்டமைப்பு தன்னை ஏற்காது என்பதால், அந்நாடு தகுதிச் சுற்றில் ஆசியா, ஓசியானியா நாடுகளோடு சேர்க்கப்பட்ட விந்தையும் நடந்தது! 1964-இல் டோக்கியோ பேரவையில், புதிதாய் விடுதலை பெற்ற நாடுகளின் வாக்குகள் கூடியிருந்த நிலையில், தடை மீண்டும் வந்தது.

அந்த 1966 உலகக் கிண்ணத்தையே ஆப்பிரிக்க அணிகள் ஒட்டுமொத்தமாகப் புறக்கணித்தன. ஆப்பிரிக்கா, ஆசியா, ஓசியானியா மூன்றுக்கும் சேர்த்து ஓரிடமே என்றதுதான் முதன்மையான காரணம். 1970-இல் ஆப்பிரிக்காவுக்கெனத் தனியிடம் கிடைத்தது. 1974-இல் ரௌஸ் தலைவர் பதவியை பிரேசிலின் ஹவலாஞ்சிடம் இழந்தபோது, ஆப்பிரிக்க வாக்குகள் அதில் பெரும்பங்கு வகித்தன. 1976-இல் தென்னாப்பிரிக்கா ஃபிஃபாவிலிருந்தே வெளியேற்றப்பட்டது. இக்காலத்தின் மையத்தில் நின்றவர் எத்தியோப்பியரான இட்னெகாச்சு டெஸ்ஸெமா. 1962-இல் தம் நாட்டுக்குக் கிண்ணம் வென்று தந்த பயிற்சியாளர். 1972 முதல் கூட்டமைப்பின் தலைவர். 1957-இல் எதிராளி வராமல் இறுதிக்குப் போன அதே நாட்டின் மனிதர், நிறவெறி நாட்டுக்கு எதிரான வாதத்தைக் கால்நூற்றாண்டுக்கும் மேலாகச் சலிப்பின்றி எடுத்துரைத்தார். 1987-இல் மறைந்தார். தென்னாப்பிரிக்கா திரும்பியதை அவர் காணவில்லை.

1992 ஜூலை 7 அன்று டர்பனில் கேமரூனை எதிர்த்து அந்நாட்டின் புதிய அணி ஆடி 1–0 என வென்றது. அடுத்த மாதமே ஹராரேயில் ஜிம்பாப்வேயிடம் 4–1 எனத் தோற்றது. முப்பதாண்டுத் தனிமை ஆட்டத்திறனையும் தின்றிருந்தது.

1996-க்கான போட்டியை நடத்தும் உரிமை முதலில் கென்யாவுக்கு வழங்கப்பட்டிருந்தது. பின்னர் அது தென்னாப்பிரிக்காவுக்கு வந்தது. அரையிறுதியில் கானாவை 3–0 என வென்ற அவ்வணி, பிப்ரவரி 3 அன்று ஜோகன்னஸ்பர்க்கில் துனிசியாவைச் சந்தித்தது. மாற்று ஆட்டக்காரராகக் களமிறங்கிய மார்க் வில்லியம்ஸ் இரண்டு நிமிட இடைவெளியில் இரு கோல்கள் அடித்தார். கிண்ணத்தைப் பெற்றுக்கொண்ட அணித்தலைவர் நீல் டோவி வெள்ளையர். பாதுகாப்பு அரணில் அவருடன் நின்றவர்களுள் சொவெட்டோவில் பிறந்த லூகாஸ் ரடேபேயும் மார்க் ஃபிஷும் இருந்தனர். மண்டேலா டோவியின் 9 எண் சட்டையை அணிந்து நின்றார். நாற்பதாண்டுகளுக்கு முன் கார்ட்டூமில் கேட்கப்பட்டது இத்தகைய ஓர் அணியைத்தான்.

முந்தைய ஆண்டின் ரக்பி வெற்றியைத்தான் உலகம் நினைவில் வைத்திருக்கிறது. 2009-இல் வந்த ஹாலிவுட் திரைப்படம் அதற்கொரு காரணம். ஆனால் அந்த ரக்பி அணியில் வெள்ளையரல்லாதவர் ஒருவரே. கால்பந்தோ அந்நாட்டுக் கறுப்பு மக்களின் ஆட்டம். 1996-இன் வெற்றியை நாம் ஒரு படி மேலாகவே மதிக்கிறோம்.

அப்போட்டியிலும் ஓர் அணி வரவில்லை. 1995 நவம்பரில் எழுத்தாளர் கென் சாரோ-விவாவையும் அவர் தோழர் எண்மரையும் நைஜீரிய இராணுவ அரசு தூக்கிலிட்டது. மண்டேலா அதை வெளிப்படையாகக் கண்டித்தார். நடப்பு வாகையரான நைஜீரியா, பாதுகாப்பைக் காரணம் காட்டித் தன் அணியை அனுப்ப மறுத்தது. கூட்டமைப்பு அதை அடுத்த போட்டியிலிருந்து விலக்கியது. பதினாறு அணிகளுக்கெனத் திட்டமிட்ட போட்டி பதினைந்தோடு நடந்தது. நைஜீரியா இடம்பெற்றிருந்த பிரிவில் காபோன், லைபீரியா, ஜையர் என்னும் மூன்று அணிகளே ஆடின.