ஒரே ஊரில் பிரிந்துபோன இரு படிப்புகள்: ஹைதராபாத்தில் பொது நிர்வாகமும் சமுதாய வளர்ச்சியும்

பொது நிர்வாகத்திலோ சமுதாய வளர்ச்சியிலோ முதுகலை படிக்க விரும்புவோர் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கின்றன. எந்த இளநிலைப் பட்டம் இருந்தால் சேரலாம்? தொலைநிலையில் படித்தால் மதிப்பு உண்டா? குடிமைப் பணித் தேர்வுக்குக் கைகொடுக்குமா? அரசு வேலை கிடைக்குமா, தொண்டு நிறுவனத்தில்தான் காலம் தள்ள வேண்டுமா? கடைசியாக, பொது நிர்வாகம், ஊரக வளர்ச்சி, சமூகப் பணி ஆகியவற்றுள் எதை எடுப்பது?

முதற் கேள்விகளுக்கு விடை எளிது. இத்துறைகள் பெரும்பாலும் எந்தப் பட்டதாரிக்கும் திறந்தவை. பொறியியல் முடித்தவரும் வணிகவியல் முடித்தவரும் ஒரே வகுப்பில் உட்காரலாம். தெலங்கானாவின் மாநிலப் பல்கலைக்கழகங்களில் முதுகலைச் சேர்க்கை பொது நுழைவுத் தேர்வு வழியே நடக்கிறது. அங்கீகாரம் பெற்ற தொலைநிலைப் பட்டம் வகுப்பறைப் பட்டத்துக்கு ஈடானது என்பதைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் மீண்டும் தெளிவுபடுத்திவிட்டது. கடைசிக் கேள்விக்கு அப்படி ஒரு வரியில் விடை சொல்ல முடியாது. ஆட்சியைப் படிப்பதும் ஊர் மக்களோடு வேலை செய்வதும் இரண்டு வேறு துறைகள் என்று அந்தக் கேள்வியே முன்கூட்டி முடிவுகட்டிவிடுகிறது. தொடக்கத்தில் அவை ஒன்றாகவே இருந்தன, பின்னர் பிரிந்தன, பிரிந்ததால் இரண்டுமே மெலிந்தன என்பது இக்கட்டுரையின் வாதம். அதற்கு ஹைதராபாத் நகரின் அனுபவத்தைச் சான்றாக எடுத்துக்கொள்கிறேன்.

1952 அக்டோபர் 2 அன்று 55 இடங்களில் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோது, விதையும் உரமும் பள்ளிக்கூடமும் கொண்டு செல்லும் பொறுப்பு கிராம சேவகர் என்ற ஒரே ஊழியரிடம் வந்தது. அவர் அரசு ஊழியர். ஆனால் ஊராரின் நம்பிக்கை இல்லாமல் அவருக்கு வேலை ஓடாது. இன்று நாம் அறிந்த வட்டார வளர்ச்சி அலுவலகம் என்ற அமைப்பே அந்தத் திட்டம் பெற்றெடுத்ததுதான். ஹைதராபாத்தை அடுத்த ஷாமீர்பேட்டையை உஸ்மானியா பல்கலைக்கழகக் குழுவோடு ஆராய்ந்து 1955இல் நூலாக்கிய சமூக மானிடவியலர் எஸ். சி. துபே, 1958இல் வெளிவந்த தம் அடுத்த நூலில் இந்தச் சேவகரின் இக்கட்டை விரிவாக எழுதினார். மேலதிகாரி இலக்கை எட்டச் சொல்கிறார். ஊரார் தங்கள் தேவையைச் சொல்கிறார்கள். சேவகர் நடுவில் நிற்கிறார். அந்த ஆய்வை நிர்வாகவியல் என்பதா, சமூகவியல் என்பதா? அக்காலத்தில் யாரும் அப்படிப் பிரித்துப் பார்க்கத் தேவை எழவில்லை.

மக்கள் பங்கேற்பு போதவில்லை என்று பல்வந்த்ராய் மேத்தா குழு 1957இல் அறிக்கை தந்தது. அதையொட்டி 1959இல் ராஜஸ்தானும் அடுத்து ஆந்திரப் பிரதேசமும் பஞ்சாயத்து ராஜைக் கொண்டுவந்தன. 1958இல் முசூரியில் தொடங்கிய சமுதாய வளர்ச்சி ஆய்வு நிறுவனம் அறுபதுகளின் நடுவில் ஹைதராபாத்தின் ராஜேந்திரநகருக்கு இடம்பெயர்ந்தது. இன்றைய தேசிய ஊரக வளர்ச்சி மற்றும் பஞ்சாயத்து ராஜ் நிறுவனம் அதுவே. 1956இல் அமைந்த நிர்வாகப் பணியாளர் கல்லூரி ஏற்கெனவே அந்நகரின் பெல்லா விஸ்டா மாளிகையில் இயங்கிவந்தது. உஸ்மானியாவில் பொது நிர்வாகப் பேராசிரியராக இருந்த ஜி. ராம் ரெட்டி ஆந்திரத்துப் பஞ்சாயத்து ராஜைக் களத்திலிருந்தே ஆராய்ந்தவர். நாட்டின் முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1982இல் ஹைதராபாத்தில் தொடங்கியபோது அதன் முதல் துணைவேந்தர் அவரே. பின்னர் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்கும் முதல் துணைவேந்தர் ஆனார். பொது நிர்வாகத்தை வீட்டிலிருந்தே படிக்கலாம் என்ற நிலையை உருவாக்கியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகம் 1937இலேயே இத்துறையில் பட்டயப் படிப்பு தொடங்கியிருந்தும், இத்தனை நிறுவனங்கள் ஒரே நகரில் திரண்ட வாய்ப்பு சென்னைக்குக் கிட்டவில்லை.

அடுத்தடுத்து இருந்தும் இந்த நிறுவனங்கள் ஒன்றின் அறிவை மற்றொன்று உள்வாங்கவில்லை. ராஜேந்திரநகர் நிறுவனம் 1977இல் ஊரக வளர்ச்சி நிறுவனம் என்று பெயர் மாற்றம் பெற்றது. பணியிலிருக்கும் அலுவலர்களுக்குப் பயிற்சி தருவதே அதன் முதன்மை வேலையாக இருந்தது. வெளி மாணவர்களுக்கான ஓராண்டு உறைவிடப் பட்டயப் படிப்பை அது தொடங்கியது 2008இல்தான். மறுபுறம், பொது நிர்வாகம் 1987இல் குடிமைப் பணித் தேர்வின் விருப்பப் பாடமானது. அதன் பிறகு அப்பாடத்தின் போக்கைத் தீர்மானித்ததில் பல்கலைக்கழகத்தைவிடத் தேர்வுக்கே பங்கு அதிகம். ரவீந்திர பிரசாத், வி. எஸ். பிரசாத், சத்தியநாராயணா ஆகியோர் தொகுத்த நிர்வாகச் சிந்தனையாளர்கள் பற்றிய ஆங்கில நூல் டெய்லர், வெபர், சைமன், ரிக்ஸ் ஆகியோரைத் தெளிவாக அறிமுகம் செய்யும் நல்ல நூல். ஹைதராபாத் அசோக் நகரின் பயிற்சி மையங்களில் அது படும் பாடுதான் வருந்தத்தக்கது. ஒவ்வொரு சிந்தனையாளரும் பத்து மதிப்பெண் விடையாகச் சுருக்கப்பட்டு, நகலெடுக்கப்பட்டு, மனப்பாடம் ஆகிறார். 2013இல் விருப்பப் பாடங்கள் இரண்டிலிருந்து ஒன்றாகக் குறைந்ததும் பாடத்தின் சந்தை சுருங்கியது. தேர்வை நம்பி வளர்ந்த துறை தேர்வு விதி மாறும்போதெல்லாம் ஆட்டம் காணும். குடிமைப் பணிக்கு உதவுமா என்று கேட்போருக்கு நேர்மையான விடை இதுதான்: ஒரு பாடத்துக்கு உதவும், அதற்காக மட்டும் இரண்டாண்டு முதுகலை படிப்பது வீண்செலவு.

பிளவுபட்ட இரண்டு அறிவும் மீண்டும் சேர்ந்த இடங்கள் பல்கலைக்கழகத்துக்கு வெளியே இருக்கின்றன. முதலாவது, மாநகராட்சி. நகர்ப்புறச் சமுதாய வளர்ச்சிக்கான மத்தியத் திட்டத்தின்கீழ் ஹைதராபாத் மாநகராட்சி 1967இல் ஒரு முன்னோடித் திட்டத்தைத் தொடங்கியது. மத்திய உதவி வற்றியபோது பல ஊர்களில் அத்தகைய திட்டங்கள் மடிந்தன. ஹைதராபாத்தில் அது நிலைத்தது; யுனிசெப் துணை நின்றது; எண்பதுகளில் பிரிட்டிஷ் நிதியுதவியுடன் குடிசைப் பகுதி மேம்பாடாக விரிந்தது. அதன் அச்சாணி சமுதாய அமைப்பாளர் என்ற ஊழியர். அவர் மாநகராட்சியின் சம்பளம் பெறுபவர்; ஆனால் முதலில் பேசுவது குடிசைப் பகுதியின் பெண்களோடு. பால்வாடியா, தையல் வகுப்பா, குடிநீர்க் குழாயா, எது முதலில் வேண்டும் என்பதை அங்கே பேசி முடித்துவிட்டுத்தான் பொறியாளரிடம் போவார். பட்டா கிடைத்த இடங்களில், குறைந்த வட்டி வங்கிக் கடனில், குடியிருந்த மண்ணிலேயே மக்கள் வீடு கட்டிக்கொண்டார்கள். 1970இல் அமைந்த தமிழ்நாடு குடிசை மாற்று வாரியமோ அடுக்குமாடிக் குடியிருப்புகளைத் தன் முதன்மை வழியாகக் கொண்டது. இரண்டு வழிகளின் நன்மை தீமைகள் தனி ஆய்வுக்குரியவை. ஹைதராபாத்தின் வழிக்கு வேறொரு வகை ஊழியர் தேவைப்பட்டார் என்பது மட்டும் இங்கே முக்கியம். நில உரிமைக் கோப்பு எந்த மேசையில் நிற்கிறது என்றும் அவருக்குத் தெரிய வேண்டும். தெருவில் எந்தக் குடும்பம் கூட்டத்துக்கு அழைக்கப்படவில்லை என்றும் தெரிய வேண்டும். இத்திட்டத்தைப் பற்றி வில்லியம் கசின்சும் கேத்தரின் காய்டரும் 1979இல் நூலே எழுதினார்கள். பொது நிர்வாக முதுகலைப் பாடத்திட்டங்கள் அதற்கு உரிய இடத்தைத் தரவில்லை.

இரண்டாவது, சமூகத் தணிக்கை. நம் ஊர்களில் நூறு நாள் வேலை என்று வழங்கிய திட்டத்துக்கு, ஆந்திரப் பிரதேச ஊரக வளர்ச்சித் துறை 2006இல் சமூகத் தணிக்கையைத் தொடங்கி, 2009இல் அதற்கெனத் தனிச் சங்கத்தை ஹைதராபாத்தில் நிறுவியது. வேலை நடக்கும் முறையைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். மண்டல (மாவட்டத்துக்கு உட்பட்ட ஆட்சிப் பிரிவு) அலுவலகத்திலிருந்து மஸ்டர் ரோல் (வருகைப் பதிவேடு), அளவைப் புத்தகம், சம்பளப் பட்டியல் ஆகியவற்றின் நகல்கள் வாங்கப்படுகின்றன. கூலித் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த படித்த இளைஞர்களுக்குச் சில நாள் பயிற்சி. பிறகு வீடு வீடாகப் போகிறார்கள். பட்டியலில் உள்ள பெயரையும் நாட்களையும் வாசித்துக் காட்டி, வேலைக்குப் போனீர்களா, பணம் கைக்கு வந்ததா என்று கேட்டு எழுதுகிறார்கள். வெட்டிய குளத்தை நாடா பிடித்து அளந்து, அளவைப் புத்தகத்தோடு ஒப்பிடுகிறார்கள். கிராம சபையில் படிக்கப்பட்ட பிறகு, கண்டவை மண்டல அளவிலான பொது விசாரணைக்குப் போகின்றன. அலுவலரும் கூலிக்காரரும் ஒரே பந்தலில் உட்கார்ந்திருக்க, ஒவ்வொரு குறையும் உரக்க வாசிக்கப்படுகிறது. அலுவலர் அங்கேயே பதில் சொல்ல வேண்டும். பொறுப்புடைமை என்ற தலைப்பில் பாடநூல் பல பக்கங்களில் சொல்வதை அந்தப் பந்தலில் ஒரு பிற்பகலில் கற்கலாம் என்பது என் உறுதியான கருத்து. அதற்குப் பட்டியலை வாசிக்கவும் தெரிய வேண்டும், பயந்து நிற்பவரைப் பேசவைக்கவும் தெரிய வேண்டும்.

இதற்கு மறுப்பு உண்டு. பல்கலைக்கழகம் பயிற்சிக் கூடம் அல்ல, கோட்பாடு இல்லாத களப்பணி வெறும் சுற்றுலா ஆகிவிடும் என்பார்கள். சமூகப் பணி முதுகலையில் களப்பணி ஏற்கெனவே கட்டாயம்தானே என்றும் கேட்பார்கள். முதல் மறுப்பில் உண்மை உண்டு. வெபரைப் படிக்காதவர் மண்டல அலுவலகத்தின் தாமதத்தைத் தனி மனிதரின் சோம்பல் என்றே எண்ணிவிடக்கூடும். ஆனால் கோட்பாட்டைக் காப்பாற்றக் களத்தைக் கைவிட வேண்டியதில்லை. துபேயும் ராம் ரெட்டியும் இரண்டையும் சேர்த்தே செய்தார்கள். சமூகப் பணி மாணவர்கள் பெரும்பாலும் தொண்டு நிறுவனங்களுக்கே அனுப்பப்படுகிறார்கள். ஊராட்சியின் கணக்கும் கோப்பும் அவர்கள் கண்ணில் படுவதில்லை. பொது நிர்வாக மாணவர்களுக்கு ஊராட்சியே கண்ணில் படுவதில்லை.

வேலை பற்றிய கேள்விக்கும் இங்கிருந்தே விடை வருகிறது. 2018ஆம் ஆண்டின் பஞ்சாயத்து ராஜ் சட்டத்துக்குப் பின் தெலங்கானாவில் 12,700க்கும் மேற்பட்ட கிராமப் பஞ்சாயத்துகள் உருவாயின. அதே ஆண்டில் 9,355 இளநிலைப் பஞ்சாயத்துச் செயலாளர் பணியிடங்களுக்கு அறிவிப்பு வந்தது. ஊரக ஆட்சியைப் படித்தவருக்கு இதைவிடப் பெரிய வாசல் திறக்க வாய்ப்பில்லை. கேட்கப்பட்ட தகுதியோ ஏதேனும் ஒரு பட்டம். ராஜேந்திரநகரில் படித்தவரும், இத்துறையை எட்டிப்பார்க்காதவரும் அங்கே சமம். எல்லாருக்கும் வாய்ப்பு என்ற வகையில் அது நியாயமே. ஆயினும், தான் நடத்தும் படிப்பை அரசே தன் பணிக்குப் பொருட்டாகக் கருதாதபோது மாணவர் எதை நம்பிச் சேருவார்? தொண்டு நிறுவனங்களும் ஆலோசனை நிறுவனங்களும் இந்தப் பட்டதாரிகளை எடுத்துக்கொள்கின்றன. பெரும்பாலும் ஒப்பந்தக் காலம், திட்டம் முடிந்தால் வேலையும் முடியும்.

ஹைதராபாத்துக்கு வந்து படிக்க நினைக்கும் தமிழ் மாணவர்களுக்கும், காந்திகிராமத்திலோ சென்னையிலோ இடம் தேடுபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கட்டணம் கட்டும் முன் துறைத் தலைவரிடம் கேளுங்கள்: இந்த இரண்டாண்டில் எந்த ஊராட்சியின், எந்த மாநகராட்சி வார்டின் பதிவேடுகளை நாங்கள் வாசிப்போம்? எத்தனை கிராம சபைகளில் உட்காருவோம்? எங்கள் களப்பணியை மதிப்பிடும்போது அந்த ஊராருக்கும் ஒரு சொல் உண்டா? விடை தெளிவாக வந்தால் பட்டத்தின் பெயர் எதுவாயினும் சேரலாம். வராவிட்டால், அது எவ்வளவு பெயர் பெற்ற நிறுவனமாக இருந்தாலும் வேறு இடம் பாருங்கள்.

துறைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சமூகத் தணிக்கைச் சங்கம், மாநகராட்சியின் சமுதாய வளர்ச்சிப் பிரிவு, ராஜேந்திரநகர் நிறுவனம், உஸ்மானியா ஆகிய நான்கும் ஒரே நகரப் பேருந்தில் போய்வரும் தொலைவில் இருக்கின்றன. ஒரு பருவத்தை நான்கும் சேர்ந்து நடத்தப் புதிய சட்டமோ புதிய கட்டடமோ தேவையில்லை. ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தமே போதும். அதை வரும் கல்வியாண்டிலேயே தொடங்கலாம்.