ஒரே ஒரு எழுத்து

1995 டிசம்பர் 20, இரவு. மியாமியிலிருந்து கொலம்பியாவின் காலி நகருக்குப் போய்க்கொண்டிருந்தது அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 965, ஒரு போயிங் 757. தாமதமாகக் கிளம்பிய விமானம். நேராக வந்து இறங்கலாம் என்று கட்டுப்பாட்டு நிலையம் சொன்னதும் விமானிகள் ஒப்புக்கொண்டார்கள்.

'ரோஸோ' ரேடியோ நிலையத்தை நோக்கிச் செல்ல கம்ப்யூட்டரில் 'ஆர்' என்று தட்டினார்கள். வரைபடத்தில் ரோஸோவின் அடையாளம் அதுதான். ஆனால் கம்ப்யூட்டருக்கு அந்த எழுத்து பொகோட்டா அருகே இருந்த 'ரோமியோ'! விமானம் இடப்பக்கம் திரும்பி மலைகளுக்குள் போனது. எச்சரிக்கை ஒலித்ததும் மேலே ஏற்றினார்கள். விரித்திருந்த ஸ்பீட் பிரேக்கை மடக்கவில்லை. 163 பேரில் 159 பேர் இறந்தார்கள்.

கம்ப்யூட்டர் சொன்னதைத்தான் செய்தது. திரையில் காட்டும் வழியைச் சரிபார்த்த பிறகே திரும்ப வேண்டும் என்ற விதியும் இருந்தது. அவசரத்தில் விடுபட்டது அதுதான்.