உடம்பு இளைப்பதும் ஒரு நோய்தான்



பதிவு கொஞ்சம் நீளம். பரீட்சை இல்லை, பயப்படாமல் படியுங்கள். இரண்டு வருடத்தில் என்னிடம் படித்தவர்களில் நான்கு வீடுகளிலிருந்து "அப்பாவுக்குப் புற்றுநோய் சார்", "அத்தைக்கு வாயில் கட்டி சார்" என்று செய்தி வந்துவிட்டது. மருந்து, ஆபரேஷன், செலவு எல்லாம் விவரமாகச் சொன்னார்கள். "எடை எவ்வளவு குறைந்திருக்கிறது?" என்று கேட்டேன். நாலு பேருக்கும் தெரியவில்லை. நான் டாக்டர் இல்லை, வரலாறு நடத்தியவன். அதனால் வரலாற்று வழியாகவே சொல்கிறேன்.

பசித்த உடம்பைக் கூர்ந்து பார்த்த பெரியவர் ஒருவர் நம் ஊர்க்காரர். சிதம்பரம் பக்கத்து மருதூரில் 1823-ல் பிறந்த வள்ளலார். 1867 மே 23-ல் வடலூரில் அவர் ஏற்றிய தருமச்சாலை அடுப்பு உங்கள் எல்லோருக்கும் தெரியும், பலர் அங்கே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டும் இருக்கிறீர்கள். ஆனால் 'ஜீவகாருண்ய ஒழுக்கம்' படித்தவர்கள் குறைவு. பசி வந்தால் கண் என்ன ஆகிறது, காது என்ன ஆகிறது, நாக்கு, தோல், கைகால், வயிறு, கடைசியில் அறிவும் மனமும் என்ன ஆகின்றன என்று ஒவ்வொன்றாக அதில் எழுதியிருக்கிறார். பக்தி நூல் என்று அலமாரியில் வைத்துவிட்டோம். எனக்கு அது நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிய குறிப்பு மாதிரிதான் படுகிறது.

அவர் மறைந்து இரண்டு வருடத்தில் தாது வருடப் பஞ்சம், 1876 முதல் 1878 வரை. அப்போது நம் மாவட்டத்தின் பெயர் தென்னார்க்காடு, தலைநகரம் கடலூர். நிவாரண வேலைக்கு வந்த ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் தானியமும் கொஞ்சம் காசும் போதும் என்று கணக்குப் போட்டவர் ரிச்சர்ட் டெம்பிள். சென்னை மாகாணச் சுகாதார ஆணையராக இருந்த டாக்டர் கார்னிஷ் அதை எதிர்த்தார். மண் சுமக்கிறவனுக்கு இது காணாது, தானியம் மட்டும் போதாது, பருப்பும் வேண்டும் என்று வாதாடினார். சில மாதத்தில் சென்னை அரசு அளவை உயர்த்தியது. பஞ்ச முகாம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த போர்ட்டர் என்ற மருத்துவர், இறந்தவர்களின் உடல்களைப் பரிசோதித்து, பிறகு 1889-ல் புத்தகமே வெளியிட்டார். ஏனென்றால் பதிவேட்டில் காலரா, வயிற்றுப்போக்கு, காய்ச்சல் என்றுதான் இருக்கும். பசி என்று இருக்காது.

புற்றுநோயிலும் கதை இதுதான். பதிவேட்டில் புற்றுநோய் என்று எழுதிவிடுகிறோம். 1932-ல் அமெரிக்காவில் ஷீல்ட்ஸ் வாரன் என்பவர், புற்றுநோயால் இறந்த 500 பேரின் பிரேதப் பரிசோதனைகளை வைத்து, கடைசியில் உயிரை எடுத்தது எது என்று பிரித்துப் பார்த்தார். முதலிடத்தில் வந்தது உடல் உருகிப்போவது. ஐந்தில் ஒருவருக்கு மேல். கட்டி எந்த உறுப்பையும் அடைத்துக் கொல்லவில்லை. ஆள் கரைந்து போயிருக்கிறார்.

இது தெரிந்த பிறகும் நாற்பது வருடம் உலகம் தூங்கியது. 1974-ல் பட்டர்வொர்த் என்ற அமெரிக்க மருத்துவர் காட்டமாக ஒரு கட்டுரை எழுதினார். தலைப்பு, மருத்துவமனை அலமாரிக்குள் எலும்புக்கூடு. வெளியே சொல்ல வெட்கப்படுகிற குடும்ப ரகசியம் என்று அர்த்தம். நோயாளியின் உயரமும் எடையும் எழுதப்படுவதில்லை, பரிசோதனை பரிசோதனை என்று வேளை வேளையாகச் சாப்பாடு நிறுத்தப்படுகிறது, குளுகோஸ் பாட்டிலே போதும் என்று நாள்கள் ஓடுகின்றன என்று எழுதினார். 1980-ல் டீவிஸ் குழுவினர் 3,047 புற்றுநோயாளிகளின் விவரத்தை வைத்துச் சொன்னது இன்னும் கனமான செய்தி. கீமோ தொடங்கும் முன்பே எடை இழந்திருந்தவர்கள், பெரும்பாலான வகைகளில், மற்றவர்களைவிடக் குறைந்த காலமே வாழ்ந்தார்கள்.

ஏன் இளைக்கிறது? சாப்பிட முடியாதது பாதிக் காரணம். கட்டியும் அதை எதிர்க்கும் உடம்பும் சேர்ந்து சில பொருள்களைச் சுரந்து பசியைக் கெடுத்து, தசையைக் கரைக்கின்றன என்பது மீதி. அப்படி ஒரு பொருளுக்கு 1980-களில் கக்கெக்டின் என்றே பெயர் வைத்தார்கள். ஆகவே சோறு போட்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது. ஆனால் சோறும் போடாமல் விட்டால் இரண்டு பக்கமும் அடி. சாப்பாட்டைக் குறைத்தால் கட்டி பட்டினி கிடந்து சாகும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, அதை நம்பாதீர்கள். முதலில் பட்டினி கிடப்பது ஆள். கட்டி தசையிலிருந்து எடுத்துக்கொள்ளும்.

நம் பக்கத்தில் இது கூடுதல் கவலை. புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1923-ல் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். 1954-ல் அவர் முயற்சியால் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கையோடு தொடங்கியது. அவர் மகன் கிருஷ்ணமூர்த்தியும் 1955-ல் சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். கடலூரிலிருந்தும் சிதம்பரத்திலிருந்தும் மீட்டர் கேஜ் ரயிலேறி அங்கே போனவர்கள் நம் குடும்பங்களிலேயே உண்டு. இன்று ஜிப்மர் பக்கத்திலேயே இருக்கிறது. வெற்றிலையோடு புகையிலை போடுகிற ஊர் நம்முடையது. வாய், தொண்டை, உணவுக்குழாய், இரைப்பை என்று சோறு போகிற பாதையிலேயே கட்டி வந்தால், நோய் முற்றும் முன்பே பட்டினி வந்துவிடும்.

கண்டுபிடிப்பது எப்படி? 2011-ல் பல நாட்டு நிபுணர்கள் கூடி ஓர் அளவு சொன்னார்கள். முயற்சி செய்யாமலே ஆறு மாதத்தில் நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் எடை குறைந்தால் எச்சரிக்கை. 60 கிலோ ஆளுக்கு அது மூன்று கிலோதான். ஏற்கெனவே ஒல்லியானவருக்கு இரண்டு பங்கே போதும். வீட்டில் எடை மெஷின் இல்லாவிட்டால் மளிகைக்கடை மூட்டைத் தராசு போதும், வாரம் ஒரு முறை, அதே தராசு. கண்ணால் பார்ப்பதற்கும் அடையாளம் உண்டு. மோதிரம் கழன்று விழும், வளையல் முழங்கை வரை ஏறும், ஜாக்கெட் தோளில் நிற்காது, பல்செட் ஆடும், கன்னப்பொறி குழியும். தடித்த உடம்புக்காரர் இளைத்தால் "நல்லதுதான்" என்போம், அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கொழுப்புக்கு அடியில் தசை போயிருக்கும். கால் வீங்கினாலும் தராசு பொய் சொல்லும்.

தடுப்பதற்கு வருகிறேன். நம் வீடுகளில் சீக்கு என்றாலே வடித்த கஞ்சியும் ரசமும். அதில் புரதம் எங்கே இருக்கிறது? இன்றைய கணக்கு, ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல், முடிந்தால் ஒன்றரை கிராம் வரை புரதம். குன்னூர் ஆய்வுக்கூடத்திலிருந்து 1937-ல் அய்க்ராய்ட் நம் நாட்டு உணவுகளின் சத்துப் பட்டியலை வெளியிட்டபோதே பருப்பு, கடலை, மீனின் பெருமை எழுத்தில் வந்துவிட்டது. விருத்தாசலம் நிலக்கடலை, பண்ருட்டி முந்திரி, முதுநகர் மத்தி மீன் என எல்லாம் நம்மிடமே இருக்கிறது. வாய் புண்ணென்றால் வேர்க்கடலையை வறுத்து நைசாக அரைத்துக் கஞ்சியில் கலக்கலாம், முட்டையை மசித்துக் குழைந்த சோற்றில் பிசையலாம், நெய் ஒரு கரண்டி சேர்க்கலாம். மூன்று வேளைக்குப் பதில் ஆறு வேளை, சின்னக் கிண்ணத்தில். வாடை குமட்டினால் ஆறவைத்துக் கொடுங்கள். சர்க்கரை நோயோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் டாக்டரிடம் கேட்டு அளவு வையுங்கள். பல நாள் சாப்பிடாதவருக்குத் திடீரென்று நிறைய கொடுப்பதும் ஆபத்து, மெல்ல மெல்ல ஏற்ற வேண்டும்.

மூக்குக் குழாய் என்றதும் "இனி அவ்வளவுதானா?" என்று அழுது மறுக்கிற குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். வாய்ப்புற்றுக்குக் கதிர்வீச்சு எடுக்கிறவருக்கு அது சில வாரத்துப் பாலம், முடிந்ததும் எடுத்துவிடலாம். ஆனால் உண்மையிலேயே கடைசி நாள்களில் இருப்பவருக்கு வாயில் திணிக்காதீர்கள். அவருக்கு அப்போது பசியே இருக்காது. உதட்டை நனைத்தால் போதும்.

சந்தேகம் இருந்தால் கமென்டில் நோயாளியின் பெயர் எழுத வேண்டாம், எனக்குத் தனியாக அனுப்புங்கள். 95-ஆம் வருட பேட்சில் இரண்டு பேர் டாக்டர்கள், ஒரு பெண் டயட்டீஷியன். அவர்களிடம் கேட்டுச் சொல்கிறேன். அனுப்பும்போது மூன்று மாதத்துக்கு முந்தைய எடையும் இன்றைய எடையும் இருக்கட்டும்.